முப்பத்தாறு வண்டுகளும் நெஸ்டாவும்

சும்மா நிற்கிறவர்களைக் கண்டால் நெஸ்டாவுக்கு ஆகாது. வேலையைத் தப்பாகச் செய்தவனைக்கூட மன்னித்துவிடுவாள். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவனை மட்டும் விடமாட்டாள். க்வும் எய்ரின் பள்ளத்தாக்கில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும், ஏனென்றால் அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற பஸ்ஸை ஓட்டுகிறவளே அவள்தான். அப்படிப்பட்டவள் கையில் முப்பத்தாறு ட்ரோன்களை ஒப்படைத்துவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது.

மலையில் யாராவது வழி தவறினால் தேடிப்போகிற குழு அந்த ஊரில் ஒன்று உண்டு. சம்பளம் கிடையாது. இறைச்சிக்கடைக்காரர், வாத்தியார், ஆட்டுப்பண்ணைக்காரர் என்று முப்பது பேர். அழைப்பு வந்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். மோயெல் வென் மலையடிவாரத்தில் குழுவின் வேன் நிற்கும். அதற்குள் வரைபடமும் ரேடியோவுமாக உட்கார்ந்து, யார் எந்தச் சரிவுக்குப் போவது என்று சொல்கிற நாற்காலி பத்து வருஷமாக நெஸ்டாவுடையது. மலையில் இருக்கிற ஒவ்வொருவனும் கால்மணிக்கு ஒருதரம், எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று ரேடியோவில் சொல்லியாக வேண்டும். சொல்லாதவன் கீழே இறங்கி வந்ததும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலிருந்து இமோஜென் வந்தது ஒரு செப்டம்பரில். நெஸ்டாவைவிட நாலைந்து வயது குறைந்தவள், மலைக்குக் கொஞ்சமும் ஒத்துவராத சப்பாத்துப் போட்டுக்கொண்டு, எதற்கெடுத்தாலும் "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்கிறவள். அவள் கொண்டுவந்த ட்ரோன் ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம்தான். எல்லாம் சேர்ந்து கிளம்பினால் எழும் ரீங்காரத்தைக் கேட்டு, முதல் நாளே குழுவினர் அதற்கு 'வண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடம்புச் சூட்டைப் பார்க்கிற கேமரா ஒவ்வொன்றிலும் இருந்தது. முப்பது ஆள் ஒரு நாள் முழுக்கத் தேடுகிற இடத்தை வண்டுகள் முக்கால் மணியில் தேடிவிடும் என்றாள் இமோஜென்.

"பாப்போம்" என்றான் குழுத்தலைவன் கெத்தின். அவன் வாயில் அந்த வார்த்தை வந்தால், நம்பவில்லை என்று அர்த்தம்.

பார்ப்பதற்கு ஒரு ஆள் காணாமல்போக வேண்டுமே! அதற்குத்தான் எம்ரிஸ். நெஸ்டாவின் கணவன், குழாய் ரிப்பேர் செய்கிறவன். குழுவின் நாய்களைப் பழக்கும்போது யாராவது மலையில் ஒளிந்து படுத்திருக்க வேண்டும் என்பதால், பதினோரு வருஷமாக அவன்தான் 'காணாமல்போனவன்'. ஒரு தார்ப்பாய்ப் பை, பிளாஸ்கில் டீ, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி, குறுக்கெழுத்துப் புத்தகம் இவ்வளவும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய் ஏதாவது பாறை இடுக்கில் படுத்துவிடுவான். ஒளிகிற இடத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி கெத்தினிடம் கொடுப்பான். பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லமாட்டான். யார் வந்தாலும், எது வந்தாலும் அசையக் கூடாது, கையை ஆட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. அது நாய்க்கு வைக்கிற பரீட்சை. ஒளிந்தவன் உதவி செய்தால் நாய் கெட்டுப்போகும்.

முதல் பரீட்சை அன்று திரையில் முப்பத்தாறு பச்சைப் புள்ளிகள் கிளம்பிப் போவதை நெஸ்டா ஆசையாகத்தான் பார்த்தாள். இருபது நிமிஷம் போனது. இருபத்தெட்டுப் புள்ளிகள் மலைக்கு அந்தப் பக்கம் அலைந்துகொண்டிருந்தன. மிச்சம் எட்டு மட்டும் வேனிலிருந்து மலைமுகடு வரைக்கும் இடைவெளி விட்டு வரிசையாக அப்படியே அந்தரத்தில் நின்றன. நகரவில்லை. தேடவில்லை.

"இந்த எட்டுக்கும் என்ன கேடு?" என்றாள் நெஸ்டா.

இமோஜென் வெளியே ஆன்டெனாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பதில் சொல்ல ஆளில்லை. நெஸ்டா இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தாள்; அவளுக்கு அது பெரிய பொறுமை. பிறகு அந்த எட்டையும் தொட்டு, 'திரும்பி வா' என்பதை அழுத்தினாள். எட்டும் சமர்த்தாகத் திரும்பி வந்தன. அவை வந்து இறங்கிய நேரத்தில் மிச்சம் இருபத்தெட்டும் திரையில் சாம்பல் நிறமாகி, ஒவ்வொன்றாக அணைந்துபோயின.

அன்று பிற்பகல் முழுவதும் குழுவே சேற்றில் இறங்கி வண்டு பொறுக்கியது. இடுப்பளவு புதர்ச்செடிக்குள் குனிந்து தேடியவர்களின் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஐந்து மணிக்கு எம்ரிஸ் கக்கத்தில் ஒரு வண்டை இடுக்கிக்கொண்டு தானே இறங்கி வந்தான்.

"பதினோரு மணிக்கே இது என்னைக் கண்டுபிடிச்சிருச்சு" என்றான். "மூக்குக்கு நேர் மேல அரைமணி நேரம் நின்னுச்சு. நான் பொணம் மாதிரி கெடந்தேன். அப்புறம் அதுவும் பக்கத்துல தொப்புன்னு உக்காந்துருச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தோம். உங்களுக்கெல்லாம் என்னய்யா ஆச்சு?"

கெத்தின் நெஸ்டாவைப் பார்த்தான். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அன்றிரவு நெஸ்டா சாப்பாட்டுத் தட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தாள். அவளுக்கு வெட்கம். ஐம்பத்திரண்டு வயதில், அத்தனை பேர் முன்னால், தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு தப்புச் செய்துவிட்டோமே என்ற வெட்கம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இமோஜெனைச் சாப்பிடக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். சாப்பாட்டு மேஜையில் அவள் வாயைத் திறப்பதற்குள் இமோஜென் முந்திக்கொண்டாள்.

"தப்பு என்னோடது நெஸ்டா. வண்டு எங்க இருக்குன்னு உங்களுக்குக் காட்டினேன். ஏன் இருக்குன்னு காட்டல. அந்த எட்டும் சும்மா நிக்கல. மலைக்கு அந்தப் பக்கம் போனதுங்க பேசறது நேரா வேனுக்குக் கேக்காது. இதுங்க நடுவுல நின்னு வாங்கி வாங்கிக் குடுத்துட்டு இருந்துச்சு."

"தீப்புடிச்சா வரிசையா நின்னு வாளி கைமாத்துவோமே, அப்படியா?"

"அதேதான்."

"அதை வாயைத் திறந்து சொன்னா என்னவாம்? 'வாளி கைமாத்துறோம், எங்களைத் தொடாதே'ன்னு ஒரு வார்த்தை? நான் என்ன கெட்ட பொம்பளையா?"

இமோஜென் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுங்களுக்கே தெரியாது."

"என்னது?"

"அதுல தலைவன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொண்ணும் பக்கத்துல இருக்கிற நாலஞ்சை மட்டும் பாத்து, தன் வேலையைச் செய்யும். வரிசையா நிக்கணும்னு யாரும் முடிவு பண்ணல. நின்னுபோச்சு, அவ்வளவுதான்."

"அப்ப நான் யாரைக் கேக்கறது?"

"யாரையும் கேக்க முடியாது" என்றாள் இமோஜென். "அஞ்சு வருஷமா இதுக்குத்தான் நான் தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கேன்."

எம்ரிஸ் உருளைக்கிழங்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "இந்த வீட்டுலயும் அப்படித்தான். யார் முடிவு பண்ணாங்கன்னு தெரியாது, காரியம் நடந்துபோயிருக்கும்" என்றான். நெஸ்டா அவன் காலை மேஜைக்கடியில் மிதித்தாள். இமோஜென் வந்ததிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அந்தக் குளிர்காலம் பூராவும் சனிக்கிழமை தவறாமல் இமோஜென் கணினியோடு வந்து நெஸ்டாவின் சமையலறையில் உட்கார்ந்துவிடுவாள். பழைய பறப்புகளைத் திரையில் ஓட்டுவாள். நெஸ்டா ஒரு கையில் டீயோடு, "இது என்ன பண்ணுது? இதுங்க ரெண்டும் ஏன் ஒண்ணையொண்ணு சுத்துது?" என்று கேட்பாள். இமோஜென் நோட்டில் எழுதிக்கொள்வாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. சப்பாத்தையும் நெஸ்டாவே கூட்டிப்போய் மாற்றிவிட்டாள்.

முதலில் இமோஜென் முப்பத்தாறையும் பேச வைத்தாள். வண்டு ஏழு: இடப்பக்கம் திரும்புகிறேன். வண்டு பத்தொன்பது: பக்கத்தவரிடமிருந்து விலகுகிறேன். திரை பூராவும் எழுத்து.

"அம்மா தாயே, என் பஸ்ஸுலகூட இவ்வளவு இரைச்சல் இல்ல. நிறுத்து!" என்றாள் நெஸ்டா.

அடுத்த வாரம் இமோஜென் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒரே ஒரு வரி வைத்தாள். 'தேடிக்கொண்டிருக்கிறோம். எல்லாம் சரியாக இருக்கிறது.'

"இது எம்ரிஸ் பேசற மாதிரி இருக்கு. காய்ச்சல் கொதிச்சாலும் 'ஒண்ணுமில்ல'ம்பான். இதையும் நம்பறதுக்கில்ல."

"அப்ப உனக்கு என்னதான் வேணும்?" இமோஜெனுக்கும் கோபம் வரும் என்பது அன்றுதான் தெரிந்தது.

நெஸ்டா யோசித்தாள். "போன வருஷம் ரொட்டிக்கடை மெரெடித் செத்துட்டார்னு ஊரெல்லாம் பேச்சு. பதினாலு பேர் எனக்கு போன் பண்ணாங்க. பதினாலு பேர் சொன்னா நம்பத்தானே செய்வோம்? மலர்வளையத்துக்குச் சொல்லிட்டேன். மறுநாள் காலைல மனுஷன் கடையைத் திறந்து உக்காந்திருக்கார். விசாரிச்சா, ஆம்புலன்ஸ் வீட்டு வாசல்ல நின்னதைப் பாத்தது ஒரே ஒருத்தி. மிச்சம் பதிமூணும் கேட்டதைச் சொன்னதுங்க. உன் வண்டுங்க பதினாலு ஒரு இடத்துல கூடினா, எத்தனை கண்ணால பாத்துச்சு, எத்தனை பேச்சைக் கேட்டு வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

இமோஜென் பேனாவைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இதை ஏன் முதல்லயே சொல்லல நீ?"

"நீ எங்க கேட்ட?"

இன்னொன்றையும் நெஸ்டா சொன்னாள். மலையில் இருக்கிற ஆளிடம் 'ஏன் அங்கே போனாய்' என்று அவள் அதிகம் கேட்பதில்லை. 'ஏன் இங்கே போகவில்லை' என்றுதான் கேட்பாள். அதற்கும் ஒரு வழி செய்தாள் இமோஜென். வரைபடத்தில் எந்த இடத்தைத் தொட்டாலும், அங்கே ஏன் நிற்கவில்லை என்று வண்டுகள் சொல்லும். ஒரு கட்டளையை அழுத்தினால், அதைச் செய்வதற்கு முன்னால், செய்தால் என்ன ஆகும் என்றும் சொல்லும். எல்லாமே நெஸ்டாவின் வார்த்தையில்: வாளி கைமாத்துறோம். கண்ணால் பார்த்தோம். பேச்சைக் கேட்டு வந்தோம். இன்னும் ஒரு முடிவுக்கு வரலை, நாலு நிமிஷம் பொறு.

மார்ச் மாதம் இரண்டாவது பரீட்சை. இதுதான் கடைசி என்று கெத்தின் சொல்லிவிட்டான். எம்ரிஸ் எட்டு மணிக்கே கிளம்பினான். போகும்போது வேன் கதவில் எட்டிப்பார்த்து, "இந்தத் தடவையாவது சாப்பாட்டு நேரத்துக்குள்ள கண்டுபிடிங்க. பொணமா நடிக்கிறதுக்கும் பசிக்கும்ல" என்றான். "போடா" என்றாள் நெஸ்டா.

பத்து மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தரைக்கு வண்டுகள் ஏறின. வழக்கம்போல எட்டு வரிசையாக நின்றன. 'வாளி கைமாத்துறோம். எங்களைக் கூப்பிட்டால் இருபத்தெட்டுப் பேர் பேச்சு உனக்குக் கேட்காது' என்றது திரை. "தெரியும்டா கண்ணுங்களா, நில்லுங்க" என்றாள் நெஸ்டா. பின்னால் நின்ற இமோஜெனுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைச் சிந்துகிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு மலையின் கிழக்குப் பக்கம், ஓடைப் பள்ளத்தில், புள்ளிகள் சேர ஆரம்பித்தன. மூன்று, எட்டு, பதினைந்து. கெத்தின் அதைப் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்தான். பரீட்சை முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது, ஆனாலும் பிரித்தான். படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"எம்ரிஸ் மேற்கே பழைய ஆட்டுப்பட்டில இருக்கான். உங்க வண்டுங்க கிழக்கே போய் ஆட்டை வேடிக்கை பாத்துட்டு நிக்குது. குளிர்காலம் பூரா கஷ்டப்பட்டீங்களே, பாவம்."

நெஸ்டாவின் கை தானாகவே போய்விட்டது. 'எல்லோரும் மேற்கே' என்பதை அழுத்தினாள். வண்டுகள் கிளம்பவில்லை, திரையில் முதலில் பதில் வந்தது.

'போகலாம். போனால் இங்கே இருப்பது தனியாகிவிடும். கண்ணால் பார்த்தது ஐந்து பேர், வேறு வேறு பக்கத்திலிருந்து. பேச்சைக் கேட்டு வந்தது பத்து. போகவா?'

ஐந்து பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். நெஸ்டா கையை எடுத்துவிட்டாள்.

"ஆடு இல்லைன்னு எப்படிச் சொல்ற?" என்று திரையிடம் கேட்டபடியே அந்த இடத்தைத் தொட்டாள்.

'ஒரு ஆடும் இருந்தது. தாழ வந்தோம், அது ஓடிவிட்டது. இன்னொன்று ஓடவில்லை. அசையவும் இல்லை. முதலில் பார்த்ததைவிட இப்போது சூடு குறைந்திருக்கிறது.'

"செத்த ஆடா இருக்கும்" என்றான் கெத்தின். "மார்ச் மாசம்ல? ஓடைல விழுந்து தினம் ஒண்ணு சாகுது. செத்தா சூடு குறையத்தான் செய்யும். மேற்கே அனுப்பு நெஸ்டா, பேட்டரி தீரப்போவுது."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எம்ரிஸ் உறையில் ஒரு இடத்தை எழுதிவிட்டு வேறு இடத்தில் படுத்ததே கிடையாது. பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூடக் கிடையாது. நெஸ்டா மேற்கே ஆட்டுப்பட்டியைத் தொட்டு, அங்கே ஏன் நிற்கவில்லை என்று கேட்டாள்.

'அங்கே முதலிலேயே போனோம். கண்ணால் பார்த்தது மூன்று பேர். ஒரு பை விரித்துக் கிடக்கிறது. அதற்குள் உடம்புச் சூடு இல்லை.'

நெஸ்டா ரேடியோவை எடுத்தாள். "எம்ரிஸ். பரீட்சை முடிஞ்சுது. பதில் சொல்லு." இரைச்சல்தான் வந்தது. "எம்ரிஸ், நான்தான். நடிச்சது போதும், பேசு." மறுபடியும் இரைச்சல்.

"ஓடைல விழுந்த ஆட்டைத் தூக்கப் போயிருக்கான்" என்றாள். "மடையன். போயிருக்கான், வழுக்கி விழுந்திருக்கான். தண்ணிக்குள்ள கெடக்கான். கெத்தின், அது அவன்தான்."

கெத்தினின் முகம் சுருங்கிவிட்டது. சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் எழுப்பிக்கொண்டு, தூக்குப்படுக்கையோடு ஏற ஆரம்பித்தான். அந்தப் பனியில் ஓடைப் பள்ளத்துக்கு எவ்வளவு வேகமாகப் போனாலும் நாற்பது நிமிஷம்.

"நீயும் போ நெஸ்டா, நான் பாத்துக்கறேன்" என்றாள் இமோஜென்.

"உனக்கு வண்டு தெரியும், மலை தெரியாது. எந்தப் பக்கம் இறங்கணும்னு அவங்களுக்கு நான்தான் சொல்லணும்." வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "போகணும்னு எனக்கு மட்டும் ஆசை இல்லையா?"

அப்புறம் அவள் வேலையைப் பார்த்தாள். இடப்பக்கம் போ, பாறைக்கு மேலே வேண்டாம், சேற்றைச் சுற்றிப் போ. இமோஜென் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவள் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷம் போயிருக்கும். திரையில் புது வரி வந்தது.

'இடத்தைச் சொல்லிவிட்டோம். பேட்டரி குறைவு. எல்லோரும் வீட்டுக்குத் திரும்புகிறோம்.'

"இல்ல" என்றாள் நெஸ்டா. "நில்லுங்க."

'எல்லோரும் நிற்க முடியாது. நான்கு பேரை நிறுத்தலாம். வாளி கைமாத்துகிறவர்கள் திரும்பிவிடுவதால், அந்த நான்கு பேர் பேச்சு உனக்குக் கேட்காது. அந்த நான்கு பேர் திரும்ப வரமாட்டார்கள். தேடலுக்கு இதனால் பயன் இல்லை. நிறுத்துவதானால் காரணம் எழுது.'

காரணம் எழுதுகிற கட்டத்தையும் இமோஜென்தான் வைத்திருந்தாள். வண்டுகளின் பேச்சை மீறி ஒரு ஆள் முடிவெடுத்தால், ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொள்வதற்காக. ஒவ்வொரு வண்டையும் அவளே மேஜையில் உட்கார்ந்து கையால் செய்தவள். எத்தனை நாள் வேலை என்று நெஸ்டாவுக்குத் தெரியும். அவள் இமோஜெனைப் பார்த்தாள்.

"எழுது" என்றாள் இமோஜென்.

நெஸ்டா இரண்டு விரலால் தட்டினாள். 'அவனுக்கு இப்போது தனியாக இருக்கப் பயம்.'

"அதுங்களுக்கு இது புரியாது, தெரியும்ல?"

"உனக்குப் புரியுதுல்ல?"

இமோஜென் தலையை ஆட்டினாள். திரையில் முப்பத்திரண்டு புள்ளிகள் திரும்பி வர ஆரம்பித்தன. வரிசையில் நின்ற எட்டும் திரும்பியதும் ஓடைப் பள்ளம் சாம்பல் நிறமாகி அணைந்தது. அதற்கப்புறம் அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த இருபது நிமிஷம்போல நீளமான நேரம் நெஸ்டாவின் வாழ்க்கையில் அதுவரை வந்ததில்லை.

கடைசியில் ரேடியோ கரகரத்தது. "இருக்கான்" என்றான் கெத்தின். மூச்சு வாங்கியது அவனுக்கு. "தொடை எலும்பு போயிருச்சு. ரேடியோ நனைஞ்சு செத்துருச்சு, இடுப்புவரை தண்ணில கெடக்கான். நினைவு இருக்கு, பேசறான்."

"என்ன பேசறான்?"

"ஏண்டா, இத்தனை வண்டு மேல நின்னுச்சே, ஒரு கையை ஆட்டக் கூடாதான்னு கேட்டேன். ஆட்டினா இமோஜெனோட பரீட்சை கெட்டுப்போயிடுமாம்." ரேடியோ மறுபடியும் கரகரத்தது. "நெஸ்டா, என்னை மன்னிச்சிரு. இவனை நான் செத்த ஆடுன்னு சொல்லிட்டேன்."

நெஸ்டா ரேடியோவை மேஜைமேல் வைத்தாள். அப்புறம்தான் அழுதாள். நன்றாக, சத்தம்போட்டு, இமோஜெனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இமோஜெனும் சேர்ந்து அழுதாள். திரும்பி வந்த வண்டுகள் வெளியே புல்லில் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. போய்ப் பார்க்க ஆளில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் எம்ரிஸ் தலையணைமேல் சாய்ந்து உட்கார்கிற அளவுக்குத் தேறியிருந்தான். காலில் கம்பி போட்டிருந்தார்கள். நெஸ்டா அரைமணி நேரம் விடாமல் திட்டினாள். ஒரு ஆட்டுக்காக, அதுவும் நம்முடையதுகூட இல்லாத ஆட்டுக்காக, ஐம்பத்தைந்து வயதில் வழுக்குப் பாறையில் இறங்குவானா ஒருத்தன்? அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். பக்கத்துக் கட்டில்காரர் செய்தித்தாளைப் படிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

திட்டி முடித்துக் களைத்துப்போய் அவள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு, எம்ரிஸ் அவள் கையை எடுத்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டான்.

"முதல்ல பதினஞ்சு இருந்துச்சு" என்றான். "எண்ணிக்கிட்டே இருந்தேன், தூக்கம் வரக் கூடாதுன்னு. திடீர்னு எல்லாம் ஒண்ணா மேல எழும்பிப் போக ஆரம்பிச்சுது. சத்தம் தூரமாப் போயிருச்சு. அவ்வளவுதான், என்னைக் கண்டுபிடிக்கல, விட்டுட்டுப் போறாங்கன்னு நெனச்சேன். கண்ணை மூடிட்டேன் நெஸ்டா. பொய் சொல்லல, மூடிட்டேன்."

அவள் போர்வைக்குள் அவன் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவும் ஒரு ரீங்காரம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கண்ணைத் திறந்து பாத்தா நாலு மட்டும் போகாம நிக்குது. தலைமாட்டுல ரெண்டு, கால்மாட்டுல ரெண்டு. ஒவ்வொண்ணா தண்ணிக்குள்ள விழறவரைக்கும் நின்னுச்சு. அதைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"அந்தப் பக்கம் நீ உக்காந்திருக்கேன்னு. மெஷினா இருந்தா புத்தியா வீட்டுக்குப் போயிருக்கும்ல?"